சக்கரத்தின் மேல் ஒரு சித்திரம்

கலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கோயிற் சிற்பங்களும், அரண்மனைச் சுவர்களும், கண்காட்சிச் சாலைகளும்தாம். புழுதி பறக்க ஓடும் லாரியையோ வாடகைக் காரையோ கலைக்கூடம் என்று நாம் எண்ணுவதில்லை. அது சரிதானா?

வண்டியும் கலையும் கைகோத்தது இன்று நேற்றல்ல. ஆங்கிலேயர் நம் தேரைக் ‘கார்’ என்றும், தேர்த் திருவிழாவைக் ‘கார் ஃபெஸ்டிவல்’ என்றும் எழுதினர். ஊரே வடம் பிடிக்கும் அவ்வண்டியைத் தச்சரும் சிற்பியரும் அழகு செய்தனர். நம் மாவட்டத்து ஆவூரில், வீரமாமுனிவர் பணியாற்றிய தலத்தில், 1747-இல் எழுந்த ஆலயத்தின் பாஸ்கா காலத் தேர்த் திருவிழாவை நம்மில் பலர் கண்டிருப்போம். ஓடும் வண்டி அழகாகவும் இருக்க வேண்டும் என்பது மதங்களைக் கடந்த தமிழ் மரபு.

அம்மரபே மோட்டார் வண்டிக்கும் வந்தது. வெறும் சட்டமாக வரும் லாரிக்கு நாமக்கல்லிலும், பேருந்துக்குக் கரூரிலும் பாடி கட்டுகிறார்கள். தச்சர், கொல்லர் வேலை முடிந்ததும் பெயின்டர் வருவார். நூல் பிடித்துக் கோடு போட்டு, முகப்பில் பெயரையும் பக்கங்களில் தாமரையையும் மயிலையும் தீட்டுவார். எழுத்துக்கு நிழல் கொடுத்து, அது தகட்டிலிருந்து எழும்பி நிற்பதுபோல் காட்டுவார். ஓவியக் கல்லூரியில் பயிலாதவர் பலர். குருவின் அருகில் டப்பா கழுவித் தொழில் கற்றவர்கள்.

இதைக் கலை என்று சொல்லத் தயங்குவோர் சித்தன்னவாசலை நினைத்துப் பார்க்கட்டும். குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம், மீன்கள், அன்னங்கள், யானைகள், மலர் கொய்யும் மனிதர்! கோயிலைப் புதுப்பித்த இளங்கௌதமர் என்னும் ஆசிரியரின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. தூரிகை பிடித்தவரின் பெயரைச் சொல்லவில்லை. லாரியின் மூலையில் தன் பெயரைச் சிறிதாக எழுதிவிட்டுப் போகும் நம் பெயின்டர், அவ்வகையில் பேறு பெற்றவரே.

மேல்நாட்டார் இதன் அருமையை உணர்ந்துள்ளனர். 1975-இல் அலெக்சாண்டர் கால்டர் என்னும் அமெரிக்கச் சிற்பி வண்ணம் வகுத்துத் தந்த பி.எம்.டபிள்யூ. கார் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஓடியது. 1979-இல் ஆண்டி வார்ஹால் அரை மணி நேரத்திற்குள் ஒரு காரைத் தம் கையாலேயே தீட்டி முடித்தார். அக்கார்களை இன்று உலகம் கலைச் செல்வமாகப் போற்றுகிறது. அங்கே காரில் தீட்டினால் கலை, இங்கே லாரியில் தீட்டினால் கூலி வேலையா?

இன்று ஒட்டுப்படங்கள் வந்துவிட்டன. கணினியில் அச்சிட்டு, சில மணி நேரத்தில் ஒட்டிவிடலாம். செலவும் நேரமும் மிச்சம். வண்டிக்காரரை நாம் குறை கூறவில்லை. தவணை கட்டுபவருக்கு ஒவ்வொரு நாள் ஓட்டமும் முக்கியம். ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் பழகிய கை வேலையின்றி நிற்கும்போது, இழப்பு அவர் குடும்பத்திற்கு மட்டுமன்று. அக்கை அறிந்த வித்தையும் அவரோடு போய்விடும்.

“கண்ணைப் பறிக்கும் அலங்காரம் விபத்தை உண்டாக்காதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. வண்டி எண்ணும் விளக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். கண்ணாடியை மறைக்கும் படம் கூடாது. எல்லையறிந்து நிற்பதும் கலைக்கு அழகுதான்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. நம் ஓவிய வகுப்புக்கு ஆண்டில் ஒரு நாளேனும் ஓர் எழுத்தோவியரை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, கற்றுக்கொள்வோம். பள்ளி வாகனத்தின் பெயரை ஒட்டாமல், எழுதச் செய்வோம். மூன்றாவது, பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்: கோலத்தில் புள்ளி தவறாத உங்கள் மகள் இத்தொழிலை விரும்பினால் தடுக்காதீர்கள். வாசலில் தரையில் நேர்கோடு இழுக்கும் கைக்குத் தகட்டில் இழுக்க வராதா என்ன?

தோழியரே, அடுத்த முறை பேருந்து நிலையத்தில் நிற்கும்போது, வண்டி வரவில்லையே என்று சலிக்காமல், நிற்கும் வண்டிகளைச் சற்று உற்று நோக்குங்கள். கையால் எழுதிய எழுத்து எது, ஒட்டியது எது என்று பிரித்தறியுங்கள். காணப் பழகிய கண்ணே கலையைக் காக்கும்.