'இந்த வருஷம் புயலே இல்லை'ன்னு மீம் போடுறவங்களுக்கு

தோழர்களே,

ஒவ்வொரு கார்த்திகையும் இந்த மீம் சுத்துது: "ரெட் அலர்ட் குடுத்தாங்க, வெயில் அடிக்குது." நம்ம ஆளுங்களே ஷேர் பண்றாங்க. சிரிப்பு வரும்தான். ஆனா இந்தக் கணக்கைப் பாருங்க.

நாகை, காரைக்கால் கடற்கரையைப் புரட்டிப்போட்ட பெரும்புயல்கள்: 1952, 1977, 1993, 2018. இடைவெளி 25, 16, 25 வருஷம். இதுல என்ன ஃபார்முலா இருக்கு? எதுவும் இல்லை. இன்னொரு பக்கம், 2016 வர்தா, 2017 ஒக்கி, 2018 கஜான்னு தமிழ்நாட்டுக்கு மூணு வருஷமும் வரிசையா அடி. சென்னையில 1994க்குப் பிறகு அவ்வளவு கடுமையான காற்று வர்தாவுலதான் அடிச்சது. நடுவுல 2010 ஜல், 2012 நீலம் வந்து பெரிய சேதம் இல்லாம போச்சு. 22 வருஷத்துல ஒரு தலைமுறையே 'சென்னைக்குப் புயல்னா மழை லீவு'ன்னு நம்பி வளர்ந்துடுச்சு.

லா நினா ஆண்டுகளில் வங்கக்கடலில் வலுவான புயல் உருவாக வாய்ப்பு கூடுதல். அதை மட்டும் நம்பினாலும் மாட்டிக்குவோம். மிக்ஜாம் சென்னையை மூழ்கடிச்ச 2023 எல் நினோ ஆண்டு!

வானிலை ஆய்வுத் துறையின் புயல் பதிவேடு 1891ல் தொடங்குது. அதிலும் செயற்கைக்கோள் வர்றதுக்கு முன்னாடி நடுக்கடல்ல கப்பல் பார்த்தாதான் பதிவு. ஆக பழைய எண்ணிக்கையே குறைவாத்தான் இருக்கும். அப்படிப்பட்ட கணக்கை வெச்சும் கடைசி அஞ்சு வருஷத்தை மட்டும் பார்த்து நிதி ஒதுக்கினா அது திட்டமிடல் இல்ல, சூதாட்டம்.

டெல்டாவுல ஒரு தென்னை அறுபது வருஷம் நிக்கும். அதை இன்னிக்கு நடுற விவசாயி வாழ்நாள்ல ரெண்டு கஜாவைப் பார்க்கலாம். அவருக்கு நிவாரணத் தொகை அறிவிப்பு மட்டும் போதுமா? கஜாவுல சாய்ஞ்ச மின்கம்பங்கள் லட்சத்துக்கும் மேல. கடலோர ஊர்களுக்குப் புதைவட மின்கம்பி, மரத்துக்கு முழு மதிப்பில் காப்பீடு, ஆழ்கடல் படகுக்குப் போய்ச் சேரும் எச்சரிக்கை. இதெல்லாம் புயல் இல்லாத வருஷத்துலதான் செய்ய முடியும். ஒக்கியில கரைக்குத் திரும்பாத குமரி மீனவர் வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்சியில யார் இருந்தாலும் இதைக் கேட்போம்.

கடலோர மாவட்டத் தோழர்களுக்கு இந்த வார வேலை: உங்க ஊர் புயல் பாதுகாப்பு மையத்துக்கு நேர்ல போங்க. சாவி யார்கிட்ட இருக்கு, ஜெனரேட்டர் ஓடுதா, கழிப்பறையில தண்ணி வருதான்னு பார்த்து, ஊர் பேரோட போட்டோவை கமெண்ட்ல போடுங்க. தொகுத்து மாவட்ட ஆட்சியர்கிட்ட மனுவா குடுக்கிறோம்.

– தகவல் தொழில்நுட்ப அணி
#புயலுக்குமுன்கேள்