கட்டையும் வேண்டாம், காணொளியும் வேண்டாம்

தாமான் வீடுகளுக்குள் பாம்பு நுழைந்தால் இரண்டு பொருள்கள் உடனே வெளியே வருகின்றன: கட்டை, கைப்பேசி. ஒருவர் அடிக்கப் போகிறார்; இன்னொருவர் நெருங்கிப் படம் பிடிக்கிறார். இரண்டுமே ஆபத்து.

2018-இல் பகாங்கில், பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த தீயணைப்பு வீரர் ஒருவரே நாகம் தீண்டி உயிரிழந்தார். பயிற்சி பெற்றவருக்கே அந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்? நஞ்சு உமிழும் நாகமோ கடிக்கவே வேண்டியதில்லை. தள்ளி இருந்தபடியே கண்ணை நோக்கிப் பீய்ச்சும்.

செய்ய வேண்டியது எளிது. சிறுவர்களையும் வளர்ப்புப் பிராணிகளையும் அப்புறப்படுத்துங்கள். முடிந்தால் அறைக் கதவைச் சாத்துங்கள். தூரத்தில் நின்று பாம்பைக் கவனித்தபடி 999-ஐ அழையுங்கள். தீயணைப்புப் படையினரோ பொது தற்காப்புப் படையினரோ வந்து பிடித்துச் செல்வார்கள். கடித்துவிட்டால் கீறவோ, உறிஞ்சவோ, இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது. எலியை அழைப்பது நம் வீட்டுப் பின்புறக் குப்பையும் புதரும்தான். மாணவர்களே, பாம்பைப் பழிக்கும் முன் அந்த இடத்தைச் சுத்தம் செய்வோம்.