பாட்டு நின்றால் கேமராவும் நிற்கும்!

இந்த வாரம் ஒரு 8 ஜி.பி. கதை. கல்யாண வீடியோ வாங்கி வரும் பென் டிரைவ்கூட இப்போதெல்லாம் 64 ஜி.பி. இருக்கிறது. ஆனால் 2012-லிருந்து 2018 தொடக்கம் வரை அமெரிக்காவில் தயாரான டெஸ்லா மாடல் எஸ் என்கிற ராஜா வீட்டு எலெக்ட்ரிக் காரில், அந்தப் பிரமாண்ட 17 அங்குல ஸ்கிரீனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது எட்டே எட்டு ஜி.பி. சிப்!

ஃப்ளாஷ் மெமரிக்கு ஆயுசு கணக்கு உண்டு ஸார். சிலேட்டில் எழுதி அழித்து, எழுதி அழித்து, ஒருநாள் சிலேட்டே தேய்ந்து போகிற மாதிரி. இந்த சிப்புக்கு ஏறக்குறைய 3,000 தடவை. காரோ ஓடும்போதெல்லாம் மூச்சு விடாமல் அதில் டைரி எழுதிக்கொண்டே இருந்தது. ஐந்தாறு வருஷத்தில் சிப் க்ளோஸ். ஸ்கிரீன் அமாவாசை.

'பாட்டுதானே, போனால் போகட்டும்' என்பீர்கள். அதுதான் இல்லை. ரிவர்ஸ் கேமரா தெரிவது அதே ஸ்கிரீனில். கண்ணாடியில் படியும் பனியை விரட்டும் சுவிட்ச் அதே ஸ்கிரீனில். இண்டிகேட்டர் போட்டால் 'டிக் டிக்' என்று கேட்குமே, அதுவும் அந்தக் கம்ப்யூட்டர் தயவில்தான். பாட்டு, மேப், கேமரா எல்லாம் கூட்டுக் குடும்பம். ஒருத்தருக்கு அம்மை போட்டால் வீடு முழுக்க வேப்பிலை!

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்கிரீன் போனால் கார் நடுரோட்டில் நின்றுவிடாது. மோட்டார், பிரேக் எல்லாம் தனிக் கம்ப்யூட்டர். ஸ்டியரிங்கில் இருக்கும் இரண்டு உருளைகளையும் சேர்த்து அமுக்கினால், ஓடும்போதே ஸ்கிரீனை ரீ-ஸ்டார்ட் பண்ணலாம். ஆனால் செத்த சிப்புக்கு ரீ-ஸ்டார்ட் ஏது? 2021 ஜனவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், 'சுமார் 1,58,000 கார்களைத் திரும்ப அழையுங்கள்' என்று கடுதாசி போட்டது. அடுத்த மாதம் டெஸ்லா ஏறக்குறைய 1,35,000 கார்களைக் கூப்பிட்டது.

ஒரு கேமராவுக்காக இத்தனை அமர்க்களமா? அமெரிக்காவில் 2002-ல் ஓர் அப்பா, வீட்டு வாசலில் காரை ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் அவருடைய இரண்டு வயது மகன் நின்றது தெரியவில்லை. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008-ல் சட்டம் வந்தது. 2018 மே மாதத்திலிருந்து அங்கே விற்கும் ஒவ்வொரு புதுக் காருக்கும் பின்பக்க கேமரா கட்டாயம். அதைக் கொண்டுபோய் பாட்டுப் பெட்டியோடு முடிச்சுப் போட்டால் கோபம் வராதா?

நிற்க. சிப் செத்தால்தான் ஆபத்து என்றில்லை, நன்றாக வேலை செய்தாலும் ஆபத்து! டெஸ்லா ஸ்கிரீனில் வீடியோ கேம் உண்டு. முதலில் கார் நின்றால்தான் ஆடலாம். 2020 டிசம்பரிலிருந்து ஓடும்போதும் ஆடலாம் என்றாயிற்று. 'நீங்கள் பக்கத்து சீட்காரர்தானே?' என்று ஸ்கிரீன் மரியாதையாகக் கேட்கும். 'ஆமாம்' என்று தட்டினால் சீட்டுக்கட்டு ரெடி. தட்டிய விரல் யாருடையது என்று அதற்கெப்படித் தெரியும்? 2021 டிசம்பரில் 5,80,000 கார்கள் மீது விசாரணை தொடங்கியதும் சமர்த்தாக அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது ஆட்டுக்குட்டி. எலெக்ட்ரிக் கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் வரும். பார்வையற்றவர்கள் பாடு திண்டாட்டம். அதனால் மெதுவாகப் போகும்போது ஓர் எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்பது அமெரிக்க விதி. டெஸ்லாவோ வெளி ஸ்பீக்கரில் ஆடு கத்துவது, இன்னும் எழுதக் கூசும் ஓசைகள் என்று சகலமும் போட வழி செய்தது. எச்சரிக்கை ஒலி இந்தக் கச்சேரியில் அமுங்கிவிடும் என்று 2022 பிப்ரவரியில் 5,78,000 கார்களுக்கு ரீ-கால். 'வேடிக்கை போலீஸ் செய்ய வைத்துவிட்டது' என்று எலான் மஸ்க் பெருமூச்சு விட்டார். வெள்ளைக் குச்சியோடு ரோட்டைக் கடக்கிறவருக்கு இதில் என்ன வேடிக்கை?

அதே வருஷம் மே மாதம் இன்னொன்று. வேகமாக சார்ஜ் ஏற்றும்போது கம்ப்யூட்டர் சூடாகி, ஸ்கிரீன் தூங்கி வழியலாம் அல்லது அணைந்தே போகலாம் என்று 1,30,000 கார்கள். இவற்றில் வைப்பர் வேகமும் ஸ்கிரீன் வழியாகத்தான். வைத்தியம் மட்டும் சுலபம்: காற்றிலேயே புது சாஃப்ட்வேர் அனுப்பிவிட்டார்கள்.

ஐரோப்பாவில் கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்புக்கும் இப்போது ஞானோதயம். 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஐந்துக்கும் கையால் தொட்டு அமுக்குகிற நிஜக் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண். அறுபது வருஷம் முந்தைய அம்பாஸடரில் இருந்த நல்ல விஷயம், சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது.

ஆகவே இளைஞர்களே, இ.எம்.ஐ. கணக்குப் போட்டுக்கொண்டு ஷோரூமுக்குப் போனால், ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்று கேட்காதீர்கள். 'ஸ்கிரீனை அணைத்துவிட்டு வைப்பரைப் போட்டுக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். அவர் கை நேராக ஒரு சுவிட்சுக்குப் போனால் பேச்சைத் தொடரலாம். மேனேஜரைத் தேடிப் போனால், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு பஸ்ஸைப் பிடியுங்கள்.