பேரிங் கடைக்கு டேட்டாபேஸ் எழுதப் போறீங்களா?

உத்திரமேரூர்ல மோட்டார் சாமான் விக்கற கடை ஏதாவது ஒண்ணுல அரை மணி நேரம் நின்னு பாருங்க. "உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47"னு யாரும் கேக்க மாட்டாங்க. "அண்ணே, அஞ்சு ஹெச்.பி. மோட்டாருக்கு பேரிங்கு" அவ்ளோதான். இல்லேன்னா கிரீஸ் ஒட்டின பழசையே மேசை மேல வைப்பாங்க.

இந்தக் கடைக்கு டேட்டாபேஸ் எழுதற நம்மாளு, ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு காலம் போடுவார். பேரிங்குக்கு விட்டம், அகலம். வி-பெல்ட்டுக்கு அது கிடையாது. பி 52ன்னா பி செக்‌ஷன், உள்நீளம் 52 அங்குலம். கேபாசிட்டருக்கு மைக்ரோஃபேரட். முக்கால்வாசி கட்டம் காலியா கிடக்கும். சரின்னு 'சாமான், குணம், மதிப்பு'ன்னு மூணு காலமா உடைச்சா, ரெண்டு குணத்தை சேர்த்துத் தேட அதே டேபிளை ரெண்டு தடவை ஜாயின் பண்ணணும். என் ஓட்டு, 2014ல போஸ்ட்கிரஸ் 9.4ல வந்த ஜேசன்பிக்கு. பேர், விலை, இருப்பு, ரேக் எல்லாம் தனி காலம், மிச்சமெல்லாம் ஜேசன்பி.

ஆனா உண்மையான பிரச்சனை ஸ்கிரீன்லதான். கண்டிஷன் மேல கண்டிஷன் கட்டச் சொல்ற ஸ்கிரீனைக் குடுத்துட்டு 'யூசர் ஃப்ரெண்ட்லி'ங்கறாங்க! 1974ல ஐ.பி.எம்.ல சேம்பர்லினும் பாய்ஸும் சீக்வல் எழுதினதே புரோகிராமர் இல்லாதவங்களுக்கும் சேர்த்துதான். அதுதான் எஸ்.க்யூ.எல். ஆச்சு. இன்னிக்கு அதை யார் எழுதறா? நாமதான் :) அதே ஐ.பி.எம்.ல மோஷே ஸ்லூஃப், காலி டேபிளைக் காட்டி தெரிஞ்ச கட்டத்தை மட்டும் நிரப்புங்கன்னார். அது தேவலை.

கடைக்கு ஒரே ஒரு தேடல் பெட்டி போதும். 6204ன்னு அடிச்சா தகடு மூடின ஸெட்ஸெட், ரப்பர் சீல் போட்ட 2ஆர்எஸ், எல்லாம் வரணும். கடைசி ரெண்டு எண்ணை அஞ்சால பெருக்கினா உள்விட்டம், 04லேர்ந்து. 6203 மட்டும் 17 மி.மீ. கடைக்காரருக்கு இது மனப்பாடம், நமக்குத்தான் புதுசு. ஒரு சாமானுக்கு எத்தனை செல்லப்பேர் வேணும்னாலும் அவரே சேக்கட்டும்.

குணத்தோட பேரை மட்டும் இஷ்டத்துக்கு அடிக்க விடாதீங்க. 'உள்விட்டம்', 'உள் டயா', 'ஐ.டி.'ன்னு மூணு ஆயிடும். பட்டியல்லேர்ந்து எடுக்கணும், புதுசு வேணும்னா முதலாளி மட்டும் சேக்கலாம். பட்டியல் மாறாதுன்னு சொல்லல. குடவோலை விதியை 919ல கல்லுல வெட்டின நம்மூர் சபையே 921ல திருத்தி மறுபடி வெட்டிச்சே!

ஆமா, 2ஆர்எஸ்ஸுக்கு உங்க ஊர்க் கடையில என்ன பேர்?