கிளாஸும் கப்பும்

நல்ல ஓட்டலுக்கு அடையாளம் என்னன்னு கேட்டால் சுத்தம், சூடு, சிரிச்ச முகம் என்பார்கள். எங்க ஊர் டீக்கடைக்காரரும் நல்லாத்தான் சிரிப்பார். ‘வாங்க சார், பேங்க்கெல்லாம் எப்படிப் போகுது’ என்று கேட்டுக்கொண்டே எனக்குப் பேப்பர் கப்பில் ஊற்றுவார். பெஞ்சில் இருப்பவருக்குக் கண்ணாடி கிளாஸ். ‘எனக்கும் கிளாஸ்ல குடுங்க’ என்றேன். ‘கப்புதான் சார் சுகாதாரம்.’ யாருடைய சுகாதாரம்?

முன்பு சிரட்டை, அப்புறம் தனி டம்ளர், இப்போது கசக்கி எறியும் கப். பொது உணவகப் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரால் மறுத்தால் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. புகார் கொடுக்கப் போனால் சாட்சிக்கு டம்ளர்கூட மிஞ்சாதே! 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் ‘பிராமணாள்’ எழுத்தை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்தினார். அது பலகையில் இருந்தது, அழிக்கச் சொல்ல முடிந்தது. கப்பில் எதை அழிப்பது?

போன ஞாயிறு கப்பை வாங்காமல் நின்றேன். பெஞ்சில் பேச்சு நின்றுபோனது. எங்க கிளையில் கல்விக்கடன் வாங்கிப் படிக்கிற அவர் மகன் ஒரு கிளாஸைக் கழுவ எடுத்தான். அப்பா அதை வாங்கித் திரும்பவும் தட்டில் கவிழ்த்துவைத்தார்.