அடைவுச் சீட்டு தொலைந்தால் நகையும் தொலைந்ததா?

மருதானையில் நான் இருக்கும் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் அடைவு பிடிக்கும் இடங்கள் பல உள்ளன. மாத முடிவில் அங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். எல்லோர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு. அதை நீட்டி, கடனையும் வட்டியையும் கட்டினால் காப்போ சங்கிலியோ திரும்பி வரும்.

அந்த வரிசையைக் காணும்போது எனக்குக் கிளிநொச்சிதான் நினைவுக்கு வரும். அங்கே சீட்டு எழுதிக்கொடுத்த வங்கி இன்று இல்லை. சீட்டை வைத்திருந்தவர்களிலும் பலர் இல்லை. ஆனால் நகையில் ஒரு பகுதி இருக்கிறது. 2025 மே மாதத் தொடக்கத்தில், போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் மீட்கப்பட்ட தங்க, வெள்ளிப் பொருட்களை இராணுவம் பதில் பொலிஸ் மா அதிபரிடம் கையளித்தது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை அவற்றைப் பரிசோதித்த பின் மத்திய வங்கியில் ஒப்படைக்கப்படும் என்று சொல்லப்பட்டது. போர் முடிந்து பதினாறு ஆண்டுகளின் பின் நடந்த கையளிப்பு அது.

தமிழீழ வைப்பகம் 1994 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்டது. 1995 இடப்பெயர்வோடு வன்னிக்கு நகர்ந்தது. கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவி போன்ற இடங்களில் இயங்கியது. இலங்கை மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. ஆனாலும் புழங்கியது இலங்கை ரூபாய்தான். தெற்கே ஓமந்தை, வடக்கே முகமாலை என இரு சோதனைச் சாவடிகளுக்கு நடுவே அகப்பட்டிருந்த மக்களுக்கு விதைநெல்லுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் காசு தேவைப்பட்டது. கையில் இருந்த ஒரே சொத்து நகை. அதை அருகில் இருந்த வங்கியில் வைத்தார்கள். அது அரசியல் முடிவல்ல, வீட்டுக் கணக்கு.

2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி வீழ்ந்தது. மக்கள் கிழக்கு நோக்கி ஓடினார்கள். பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி மாறியவர்களின் பைகளில் இருந்த சீட்டுகள் மழையிலும் நெருப்பிலும் போயின.

மீட்கப்பட்ட தங்கம் எல்லாம் ஒரே வகையானது அல்ல என்பதையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடைவு வைத்த நகை ஒன்று. 1990 களில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் என்று புலிகள் திரட்டிய தங்கம் இன்னொன்று. உரிமையாளர் இறந்தோ ஓடியோ கைவிடப்பட்டவை வேறு. இவற்றைப் பிரித்தறிவது சிரமமான வேலை. ஆனால் அந்தச் சிரமத்தைக் காட்டி அனைத்தையும் 'புலிகளின் தங்கம்' என்ற ஒரே பெயருக்குள் போட்டுவிட முடியாது.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. இந்நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, அடைவு வைப்பதால் பொருளின் உரிமை கைமாறுவதில்லை. கடன் கொடுத்தவருக்குப் பொருளை வைத்திருக்கும் உரிமை மட்டுமே உண்டு. வங்கி அனுமதி பெற்றதா இல்லையா என்பது வங்கியை நடத்தியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்காக வைத்தவளின் காப்பு அவளுடையது இல்லை என்றாகிவிடாது. பெற்ற கடன் நிலுவையாக இருக்கலாம். 2025 இல் இரண்டரை இலட்சம் ரூபாயைத் தாண்டிய ஒரு பவுணின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கடன் சிறியது. அதைக் கணக்கில் எடுத்தே தீர்க்கலாம்.

முன்னுதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபோது அதன் நோட்டுகளை வைத்திருந்தவர்கள் கதிகலங்கி நின்றார்கள். ஆளுநர் ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசின் உத்தரவாதம் கொடுத்தார். வங்கியின் பிழையைச் சனங்களின் தலையில் அவர் போடவில்லை.

சுவிற்சர்லாந்து வங்கிகள் இன்னொரு பாடம். நாசிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பிள்ளைகள் தாய் தகப்பனின் கணக்கைக் கேட்டுப் போனபோது, மரணச் சான்றிதழ் கேட்டுத் திருப்பியனுப்பினார்கள். வதைமுகாம்கள் சான்றிதழ் கொடுப்பதில்லை. அரை நூற்றாண்டுப் போராட்டத்தின் பின், 1997 இல் கணக்கு வைத்திருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வெளியானது. 1998 இல் 125 கோடி டொலர் இணக்கப்பாடு வந்தது. ஆவணம் இல்லாதவர்களின் கோரிக்கைகளையும் நம்பத்தக்கதா என்று பார்த்துத் தீர்த்தார்கள்.

இங்கும் அதுதான் தேவை. 2014 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கையில், மஹிந்த ராஜபக்ஷ சிறு தொகையினருக்கு நகைகளைத் திருப்பிக் கொடுத்தார். அப்படியானால் உரிமையாளர்களை அடையாளம் காண முடியும் என்பது அன்றே தெரிந்திருந்தது. இன்றைய அரசு செய்ய வேண்டியவை மூன்று. பொருட்களின் பட்டியலை, எங்கே எப்போது மீட்கப்பட்டவை என்ற விபரத்தோடு மூன்று மொழிகளிலும் வெளியிடவேண்டும். சீட்டு இல்லாதவர்களின் சத்தியக் கடதாசியையும் சாட்சிகளையும் ஏற்கும் ஒரு சுயாதீனக் குழுவை அமைக்கவேண்டும். அதுவரை ஒரு மோதிரத்தையும் உருக்கவோ விற்கவோ கூடாது.

நாமும் சும்மா இருக்க முடியாது. கலியாணப் படத்தில் அம்மாவின் கழுத்தில் கிடக்கும் அட்டியல் ஒரு சாட்சி. எந்தக் கிளை, எந்த ஆண்டு, எத்தனை பவுண் என்பதை நினைவுள்ள மூத்தவர்களிடம் கேட்டு எழுதி, திகதியிட்டுக் கையொப்பம் வாங்கி வையுங்கள். அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது.