பட்டியலில் விடுபட்ட பத்தி

விமானப் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) வெளியிட்டிருக்கும் முதல் பட்டியல் 2025 அக்டோபர் முதல் தேதி தொட்டு நடைமுறைக்கு வந்துவிட்டபடியால், அதைக் குறித்து அபிப்பிராயம் கூறாமல் மௌனமாக இருப்பது இவ்விதழுக்கு இனிச் சாத்தியமில்லை. பட்டியலில் இடம்பெற்ற 35 பள்ளிகளில் முதல் இரண்டு தரங்களுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. 13 பள்ளிகள் பி தரத்திலும், மீதி 22 பள்ளிகள், அதாவது நூற்றுக்கு ஐம்பதுகூட எட்டாதவை, சி தரத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன. பள்ளி நடத்துவோர் இதை அநியாயம் என்கிறார்கள், பெற்றோர்கள் கலங்கிப்போயிருக்கிறார்கள். நம்மைப் பொறுத்தமட்டில், இத்தகைய ஏற்பாடு பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டியது என்பதிலும், ஏப்ரலிலும் அக்டோபரிலுமாக ஆண்டுக்கு இருமுறை அது திருத்தி வெளியிடப்படும் என்ற முடிவு நல்ல முடிவு என்பதிலும் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

செயற்பாட்டு அம்சங்களுக்கு 40, தேர்ச்சித் திறனுக்கு 20, பாதுகாப்புக்கு 20, விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பதற்கு 10, மாணவர் நலனுக்கு 10 என்ற மதிப்பெண் பங்கீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2023 அக்டோபரில் பாராமதியில் நான்கு நாட்களுக்குள் இரண்டு பயிற்சி விமானங்கள் விழுந்ததை மறவாதவர்கள், பாதுகாப்பின் பங்கு செயற்பாட்டின் பங்கில் பாதிதானா என்று கேட்கக்கூடும். கேட்கட்டும், கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இருநூறு மணி நேரத்தை முடிக்க ஒரு மாணவன் எத்தனை மாதம் காத்துக் கிடக்கிறான், ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள் என்பன போன்ற, நாம் ஹாங்கர் வாசலில் நின்று ஒருவருக்கொருவர் முணுமுணுத்துக்கொண்டிருந்த விஷயங்கள் அரசாங்கக் காகிதத்தில் ஏறியதே ஒரு முன்னேற்றம் என்று கொண்டு, மேலே செல்வோம்.

பட்டியல் வெளியான வாரத்திலேயே, பாரூர் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நன்செய்யும் மேட்டில் ஒரு மாந்தோப்பும் உடைய ஒருவர், பிளஸ் டூ முடித்த மகனை அழைத்துக்கொண்டு நம்மைத் தேடி வந்தார். "சார், பி போட்ட ஸ்கூல்ல சேக்கறதா, இல்ல ஃபீஸ் கம்மின்னு சி போட்ட ஸ்கூல்ல சேக்கறதா? எப்படிப் பாத்தாலும் தோப்ப வித்துத்தான் கட்டணும்" என்றார். நம்மிடம் வழக்கமாகச் சொல்லும் யோசனைகள் இருந்தன: பள்ளியின் அலுவலக அறையைப் பார்க்காதீர்கள், விடியற்காலை ஆறு மணிக்கு ஏப்ரனில் போய் நின்று, எத்தனை விமானங்கள் எஞ்ஜின் ஓடுகிற நிலையில் இருக்கின்றன, எத்தனை கௌலிங் கழற்றிய நிலையில் உதிரிப் பாகத்துக்காகத் தவமிருக்கின்றன என்று எண்ணுங்கள், போன ஆண்டு சேர்ந்த பையன் ஒருவனைத் தனியே அழைத்து அவனுடைய லாக்புக்கின் கடைசிப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், பறந்த மணிக்குப் பறந்த மணி கட்டும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். இவற்றையெல்லாம் அவர் சிரத்தையோடு கேட்டுக்கொண்டார். பிறகு பையன்தான் வாய் திறந்து, "எனக்குச் சொல்லிக்கொடுக்கப் போறவர் எப்படிப்பட்டவர்னு இதுல எங்க சார் இருக்கு?" என்று கைப்பேசியில் இருந்த பட்டியலை நீட்டினான். அதில் அது எங்கும் இல்லை.

இந்தக் கர்நாடக எல்லைப்புறத்து மக்கள் விமானத்துக்குப் புதியவர்கள் அல்லர் என்பதை இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில், இத்தாலிய உரிமத்தின் பேரில் பார்ட்டனேவியா பி68 இரட்டை எஞ்ஜின் விமானங்களைக் கட்டிப் பறக்கவிட்ட தொழிற்சாலையும் அதன் ஓடுபாதையும் இருக்கின்றன. பெங்களூர் என்ஏஎல் வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானங்களும் அங்கேதான் உருவெடுத்து நம் பறப்புக் கழகங்களுக்குச் சென்றன. ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார். பயிற்சி விமானத்தையே செய்து கொடுத்த மண்ணின் பிள்ளைகள் பயிற்சிக்கு மட்டும் சேலத்துக்கோ மைசூருக்கோ, பணம் கூடினால் கடல் கடந்தோ போகிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெங்களூரின் ஜக்கூர், எச்ஏஎல், எலஹங்கா விமானத் தளங்கள் நெருக்கியடிக்கும் வான்வெளியில் தனிப்பறப்பு மாணவர்களை அலையவிடுவது அத்தனை சுலபமான காரியம் அன்று என்பது நமக்குத் தெரியும்.

அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். பட்டியலின் கணக்கில் பயிற்றுநர் ஓர் எண். இத்தனை மாணவர்களுக்கு இத்தனை பேர் என்ற விகிதத்தில் ஒரு பகுதி. எண்ணிக்கை சரியாக இருந்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. அந்த எண்ணுக்குள், இருபது ஆண்டுகள் சர்க்யூட்டிலேயே வாழ்க்கையைக் கழித்த தலைமைப் பயிற்றுநரான சிஎஃப்ஐயும் ஒருவர்தான். போன மாதம் அதே பள்ளியில் சிபிஎல் என்னும் வணிக விமானி உரிமம் பெற்று, விமானக் கம்பெனியின் அழைப்பு வரும்வரை மணிக்கணக்கைக் கூட்டிக்கொள்வதற்காக உதவிப் பயிற்றுநர் (ஏஎஃப்ஐ) தகுதி பெற்று வலப்பக்க இருக்கையில் ஏறி அமர்ந்த இளைஞரும் ஒருவர்தான். அந்த இளைஞரை நாம் இகழவில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்கினோம். 2022-இல் 1,165 ஆக இருந்த புதிய சிபிஎல்களின் எண்ணிக்கை 2023-இல் 1,622 ஆக உயர்ந்தபோது, அத்தனை பேரையும் உருவாக்கிய பயிற்றுநர்கள் யார், அவர்களை உருவாக்கியவர்கள் யார், எத்தனை பேர் ஓராண்டுக்கு மேல் அப்பணியில் நிலைத்தார்கள் என்று அதிகார பீடத்தில் எவரும் கேட்கவில்லை என்பதே நம் மனத்தாங்கல்.

அனுபவசாலிக்கும் புதியவருக்கும் உள்ள வித்தியாசம் தரையிலிருந்து சில அடி உயரத்தில்தான் தெரியும். செஸ்னா 172 ஒன்று ஓடுபாதையின் முனையைக் கடந்து ரவுண்ட்-அவுட் நிலைக்கு வருகிறது. மாணவன் பார்வையைத் தொலைவில் வைக்காமல் மூக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு, தரை விரைந்து வருவது கண்டு வீலைச் சற்று அதிகமாக இழுத்துவிடுகிறான். விமானம் மறுபடியும் எழும்பி, வேகம் தேய்ந்து, காற்றில் தயங்கி நிற்கிறது. அனுபவசாலியின் கை அப்போதும் தொடையின் மீதுதான் இருக்கும். என்ன நடந்தது என்று மாணவனுக்கே உறைக்கும்வரை ஒரு கணம் பொறுத்து, "பவர்" என்று ஒரே சொல்லைச் சொல்வார், கை மட்டும் த்ராட்டிலின் அருகே சென்று காத்திருக்கும். புதியவரோ, அந்தக் கணத்தின் நீளம் இன்னதென்று அறியாதவராகையால், ஒன்று மாணவன் தவறு செய்வதற்கு முன்பே கன்ட்ரோலைப் பிடுங்கிக்கொள்கிறார், அல்லது மூக்குச் சக்கரம் தரையில் மோதிய பிறகு பிடிக்கிறார். முன்னதில் விமானத்துக்குச் சேதமில்லை; ஆனால் தன் தவற்றின் பலனை ஒருநாளும் முழுதாகக் காணாத மாணவன், இருநூறு மணி முடித்துக் கையில் உரிமத்தோடு வெளியேறி, பின்னொரு நாள் தானே பயிற்றுநராகவும் திரும்பி வருகிறான். இதை எந்தத் தணிக்கையாளரின் படிவம் பிடிக்கும்?

பயிற்றுநரைத் தேறவைப்பதே முதல் வேலை என்பது இன்று கண்டுபிடித்த ஞானமும் அன்று. முதல் உலக யுத்தத்தில், போர்முனையில் களைத்தவர்களையும் உபயோகமற்றவர்களையும் பயிற்றுநர்களாக உள்நாட்டுக்கு அனுப்பி, மாணவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் படைக்கு, ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி, முதலில் போதிப்பவனுக்குப் போதியுங்கள் என்று வாதாடி, 1917-இல் காஸ்போர்ட்டில் அதற்கெனவே ஒரு பள்ளியைப் பெற்றார். இரட்டைக் கட்டுப்பாடு பொருத்திய அவ்ரோ 504 விமானத்தில், குழாய் வழியே மாணவன் காதில் பேசியபடி, ஆபத்தான நிலைகளை விலக்கச் சொல்வதற்குப் பதிலாக அவற்றினுள் சென்று மீளக் கற்பித்தார். அவ்வளவு தூரம் போவானேன்? 1948-இல் அம்பாலாவில் தொடங்கி 1954-இல் நம் தாம்பரத்துக்கு வந்த விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி, ஏற்கெனவே தேர்ந்த விமானிகளை எடுத்து, ஏறத்தாழ அரையாண்டு அவர்களுக்குக் கற்பிக்கும் வித்தையை மட்டுமே கற்பிக்கிறது. அங்கிருந்து வெளியேறியவரும் கடைசித் தரத்தில் தொடங்கி, மறுபடி மறுபடி பரீட்சிக்கப்பட்டு, படிப்படியாகத்தான் மேல் தரத்துக்கு ஏற முடியும். மீனம்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் சில நிலையங்கள் தள்ளியிருக்கும் அந்த மாதிரியை, சிவில் துறைக்குப் பொருத்திப் பார்க்கும் எண்ணம் இத்தனை தசாப்தங்களில் எவருக்கும் உதிக்கவில்லை. ஐரோப்பிய விதியில், பயிற்றுநராக விரும்புகிறவன் 125 மணி வகுப்பும் 30 மணி பறப்பும் முடித்து, அதன் பின்பும் 100 மணி போதித்து 25 தனிப்பறப்புகளை மேற்பார்வையிட்ட பிறகே கட்டுப்பாடு நீங்கப் பெறுகிறான். அமெரிக்காவிலோ, புதுப் பயிற்றுநரை உருவாக்குகிறவர் பொதுவாகத் தாமே 24 மாதம் பயிற்றுநராக இருந்து 200 மணி போதித்தவராக இருக்க வேண்டும்.

நம்மிடம் சீர்திருத்தம் என்ற பெயரில் வந்தவை யாவை? பறப்புக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் சிஎஃப்ஐக்கும் துணை சிஎஃப்ஐக்கும் மட்டும் என்றிருந்ததைத் தளர்த்திச் சாதாரணப் பயிற்றுநருக்கும் அளித்தார்கள். வார விடுமுறையிலும் பண்டிகை நாளிலும் பறக்க வழி செய்தார்கள். விமான நிலையங்களில் பயிற்சிப் பள்ளிகள் கட்டிவந்த ராயல்டியை நீக்கினார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானதுதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மணிகளை அதிகமாக உற்பத்தி செய்வதே நோக்கமாகத் தெரிகிறது. அந்த மணிகளுக்குள் என்ன நடக்கிறது என்பது எவருடைய உத்தியோகமும் அன்று போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் பறக்கலாம் என்று அனுமதித்தவர்கள், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரவேண்டிய பயிற்றுநர் யார், எத்தனை நாள் தொடர்ந்து வந்தவர் என்பதைத் தரவரிசைக்குள் ஒரு வரியாகச் சேர்த்திருக்கக் கூடாதா? விபத்து விசாரணை அறிக்கைகளில் மேற்பார்வைக் குறைவு என்று எழுதிக் கையெழுத்திடுவதற்கு மட்டும் பயிற்றுநர் நினைவுக்கு வருகிறார். விபத்துக்கு முன்பு அவரைப் பற்றி விசாரிக்க எவருக்கும் அவகாசம் இல்லை.

சிபிஎல் மாணவனின் நிலையாவது பரவாயில்லை. பயிற்றுநராகும் பொருட்டுப் பள்ளி தேடுகிறவனுக்கு இந்தப் பட்டியல் எவ்விதத்திலும் உதவாது. அவனுக்குத் தேவை எண்ணற்ற விமானங்கள் அல்ல. வலப்பக்க இருக்கையிலிருந்து பறக்கவும், பறந்துகொண்டே பேசவும், பேசிக்கொண்டே கவனிக்கவும் தன்னைப் பழக்கக்கூடிய ஒரு மூத்தவர். மூன்றே விமானங்களோடு சி தரத்தில் கிடக்கும் ஒரு பள்ளியில் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். முப்பது விமானங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் எல்லோரும் போன வருஷத்துச் சிபிஎல்காரர்களாகவே இருக்கவும் கூடும். சி தரப் பள்ளிகளுக்குச் சுயபரிசீலனை செய்யும்படி அறிவிப்புக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதைப் பரிசீலிப்பது? ஆளைக் கூட்டி விகிதத்தைச் சரிசெய்வதுதான் மிக எளிய வழி. மிக எளிதில் கிடைக்கும் ஆளும் மிகப் புதிய ஏஎஃப்ஐதான். ஆகவே தரவரிசையே இந்த வியாதியை வளர்த்துவிடக்கூடும் என்ற பயம் நமக்கு உண்டு.

வருகிற ஏப்ரல் பட்டியலில் மூன்று விவரங்கள் சேர்க்கப்பட வேண்டும் என்று இவ்விதழ் கோருகிறது: ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்றுநர்கள் சராசரியாக எத்தனை மாதம் நீடிக்கிறார்கள், தாமே பறந்த மணியிலிருந்து பிரித்துக் கணக்கிட்டால் அவர்கள் போதித்த மணி எவ்வளவு, ஏஎஃப்ஐக்களை உருவாக்குகிறவருடைய போதனை அனுபவம் என்ன. இவற்றைத் திரட்டப் புதிய இலாகா எதுவும் வேண்டியதில்லை, லாக்புக்குகளிலும் பள்ளியின் பறப்புப் பதிவேடுகளிலும் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அதுவரை சும்மா இருக்கவும் நாம் உத்தேசிக்கவில்லை. தமிழ்நாட்டிலும் அண்டை மாநிலங்களிலும் உள்ள பள்ளிகளின் சிஎஃப்ஐக்களுக்கு இம்மூன்று கேள்விகளையும் இந்த மாதமே எழுதி அனுப்புகிறோம். வரும் பதில்களை மார்ச் இதழில் பள்ளிவாரியாக அச்சிடுவோம்; பதில் தராத பள்ளியின் பெயருக்கு எதிரே அந்த இடம் வெற்றாகவே அச்சாகும்.